மெழுகக்காவின் சாட்சி

ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவள் ‘மெழுகக்கா’. குடலில் புற்றுநோய் வந்தவர்களிடமிருந்து வெட்டியெடுத்த சதையை மெழுகில் பதித்து, வெங்காயச் சருகைவிட மெல்லிசாகச் சீவிக் கண்ணாடியில் ஒட்டுவது இருபது வருடமாக அவள் வேலை. பிறகு சாயம் ஏற்றுவாள். தேடுகிற புரதம் இருந்தால் சதை பழுப்பாகும். அதையும் பார்த்துத்தான் நோய் எவ்வளவு முரடு என்று டாக்டர்கள் முடிவு கட்டுவார்கள்.

ஆனால் சாயத்தை நம்பி ஊர் போய்ச் சேர முடியாது. அதனால் ஒவ்வொரு முறையும், கண்டிப்பாகப் பழுப்பாகும் என்று தெரிந்த பழைய சதை ஒன்றிலிருந்தும் ஒரு சீவல் கூடவே போகும். அது வெளுத்திருந்தால் சாயமே சரியில்லை என்று அர்த்தம்; அன்றைய வேலை மொத்தமும் குப்பைக்கு.

அந்தப் பழைய சதை ஒன்பது வருடமாக ஒருநாளும் காலை வாரியதில்லை. புதிதாக வந்த டாக்டரம்மா அன்று அதைக் கையில் எடுத்துப் பார்த்தார். தேய்ந்து தேய்ந்து, மெழுகுக்குள் நகத்துணுக்கு அளவுதான் மிச்சம் இருந்தது.

“தங்கமான பீஸ்க்கா இது. இதே ஆளோடது வேற எதாவது இருக்கா?”

“இல்ல டாக்டர். அப்பவே மொத்தமா எடுத்துட்டாங்க.”

“ஆள் இருக்காங்களா, போய்ட்டாங்களா?”

மெழுகக்கா கத்தியைத் துடைத்து உறையில் போட்டாள்.

“உங்க முன்னாடிதான் நிக்கிறேன்.”

டாக்டரம்மா கையிலிருந்த மெழுகுக் கட்டியை மெதுவாக மேசையில் வைத்தார்.

“மூஞ்சிய அப்படி வச்சுக்காதீங்க. இன்னும் இருபது சீவல் தேறும். அதுக்குள்ள வேற ஆளப் பாருங்க டாக்டர், என்கிட்ட இனிமே ஸ்டாக் இல்ல.”