ஐஸ் அறையில் ஒரு ஒத்திகை

அடுத்த மாதம் நேபாளத்துக்கு மலையேறப் போறன். வாங்கின குளிர் ஜாக்கெட் தாங்குமோ எண்டு பார்க்க வவுனியா வெயிலில வழியில்லை.

அதால இண்டைக்கு முல்லைத்தீவில மீன் வாங்கி விக்கிற ஒரு வாடிக்குப் போனனான். அங்க மீன் வைக்கிற ஐஸ் அறை இருக்கு.

வாடியில நிண்ட அக்கா, "எத்தினை கிலோ வேணும்?" எண்டு கேட்டா.

"மீன் வேண்டாமக்கா. உள்ள பத்து நிமிசம் நிண்டு பார்க்கட்டோ?"

மேலும் கீழும் பார்த்திட்டுக் கதவைத் திறந்துவிட்டா.

நான் ஜாக்கெட், கையுறை, கம்பளித் தொப்பியோட நிண்டன். அக்கா சாதாரணச் சட்டையோட வந்து, வெறுங்கையால இறால் பெட்டி அடுக்கிக்கொண்டே கதை கேட்டா.

"மலையில இதைவிடக் குளிருமோ?"

"ஓமக்கா."

"எத்தினை நாள்?"

"பன்னிரண்டு."

"அப்ப நல்ல சம்பளம் தருவினம், என்ன?"

"சம்பளமில்லை அக்கா. நாங்கள்தான் காசு கட்டிப் போறம்."

அக்கா பெட்டியைக் கீழ வைச்சிட்டு, அவசரமாக் கதவைத் திறந்தா.

"காணும் தம்பி, வெளியில வாங்கோ. உங்களுக்குக் குளிர் தலைக்கு ஏறிட்டுது."

ஜாக்கெட் பாஸ். ஆனா திரும்பி வரேக்க பஸ்ஸில எனக்குப் பக்கத்தில ஒருத்தரும் இருக்கேல்லை.

ஜாக்கெட்டில இருக்கிற மீன் வெடில் நாத்தம் போக என்ன செய்யலாம்? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ. "மலைக்குப் போகாதை" எண்டு மட்டும் கொமென்ட் போடாதேங்கோ, அதை அம்மா முதலே சொல்லீட்டா.