கோரேஸ் ராஜா லோரியில் வந்தார்

பினாங்குப் பக்கம் ஜுரு நெடுஞ்சாலையில் ஒரு கார் கவிழ்ந்தால் முதலில் ஓடிப்போய் நிற்பது ஆம்புலன்ஸ் இல்லை, நாங்கள்தான். உதவி செய்ய என்று நினைத்துவிடாதீர்கள். எந்த லோரி முதலில் கொக்கி மாட்டுகிறதோ, கார் அந்த லோரிக்கு. உள்ளே ஆள் முனகிக்கொண்டிருப்பான், தண்ணீர் கேட்பான். நான் கொக்கி மாட்டிக்கொண்டிருப்பேன்.

கார் இழுக்கும் லோரியில் கையாளாக இருந்தேன். மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவராமல் போனதால் கிடைத்த வேலை. முதலாளி பெயர் தாஸ். சேர்ந்த அன்றே எல்லாருடைய அடையாள அட்டையையும், அதான் ஐசியை, வாங்கி இரும்பு அலமாரியில் பூட்டிவிடுவார். வேறு கம்பெனி லோரி எங்களை முந்திவிட்டால் தண்டனை உண்டு. ஓடி வந்த எஞ்சின் ரேடியேட்டர் மூடி நல்ல சூட்டில் இருக்கும். அதன்மேல் உள்ளங்கையை வைக்கச் சொல்வார்.

"எடுக்கச் சொன்னாதான் எடுக்கணும் தம்பி" என்பார். தம்பி என்று கூப்பிடும்போது குரலில் அவ்வளவு பாசம்.

ஒருவன் சொல்லாமல் வேலையை விட்டு நின்றுவிட்டான். தாஸின் ஆட்கள் அவனைப் பிடித்து வந்து முட்டியை உடைத்தார்கள். அதை நாங்கள் வரிசையாக நின்று பார்க்க வேண்டியிருந்தது.

நான் ஓடாததற்கு அது காரணம் இல்லை. என் அம்மா சிம்பாங் அம்பாட் பசாரில் தோசைக் கடை வைத்திருக்கிறார். தாஸ் தினமும் காலையில் அங்கேதான் பசியாறுவார். ஒரு வார்த்தை அதிகம் பேசமாட்டார். சாப்பிட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார். அந்தச் சிரிப்பின் அர்த்தம் எனக்கு மட்டும்தான் தெரியும். அம்மாவோ, "உன் முதலாளி தங்கமான மனுஷன்டா" என்பார். கைப்புண்ணைக் கேட்டால் சைலன்சர் சுட்டது என்று சொல்லிவைத்திருந்தேன்.

அந்த நாட்களில்தான் தீவுக்காரர் என்ற பெயர் கிளம்பியது. பினாங்குத் தீவில் உள்ள லோரிப் பட்டறைகளை ஒவ்வொன்றாக அடித்துப் பிடித்தவர். அடுத்து பாலம் தாண்டி ஜுருவுக்கு வரப்போகிறார் என்று பேச்சு. அம்மா பயந்துவிட்டார். வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டத்தில் சொல்ல, அக்காமார்கள் எல்லாரும் உபவாசம் எடுத்தார்கள். தாஸைக் கர்த்தர் காக்க வேண்டும், அந்த எதிரி பாலத்தைத் தாண்டக் கூடாது. இதுதான் ஜெபம். என்னைச் சுட்டவனுக்காக என் தாய் பட்டினி கிடந்து அழுதார். நான் பக்கத்தில் முழங்காலில் இருந்து ஆமென் சொன்னேன். வேறு என்ன சொல்வது?

அந்த ஞாயிறு தீவில், ஜார்ஜ் டவுனில் உள்ள எங்கள் சபையில் பைபிளில் வரும் கோரேஸ் ராஜாவைப் பற்றிப் பிரசங்கம். பாபிலோனில் அடிமையாக இருந்த யூதர்களை ஊருக்கு அனுப்பியவர். ஆலயத்தைத் திரும்பக் கட்டச் சொன்னவர். கர்த்தரை அறியாத அந்த அந்நிய ராஜாவைத்தான் கர்த்தர் தாம் அபிஷேகம் செய்தவர் என்றார். எனக்கு வாய் சும்மா இருக்காது. கடைசி வரிசையிலிருந்து கேட்டேன்.

"பாஸ்டர், அவரு ஞானஸ்நானம் எடுத்தாரா?"

சபை சிரித்தது. "கடைசி வரைக்கும் எடுக்கல. உக்காருலா."

உட்கார்ந்தேன். ஆனால் மண்டைக்குள் அது உட்காரவில்லை. கோரேஸ் அடிமைகள்மேல் இரக்கப்பட்டா வந்தார்? பாபிலோன் வேண்டும், வந்தார். பிடித்தார். மறுநாள் லோரியில் தனியாக இருந்தபோது கண்ணை மூடினேன். "ஆண்டவரே, ஞானஸ்நானம் எடுக்காத ஆளா இருந்தாலும் பரவால்ல. யாரையாச்சும் அனுப்புங்க. இங்கேர்ந்து என்னை வெளிய எடுங்க." என் வாழ்க்கையில் விளையாட்டில்லாமல் செய்த முதல் ஜெபம் அது.

ஈஸ்டருக்கு முந்தின வாரம், பட்டப்பகலில், தீவுக்காரர் பாலம் தாண்டினார்.

லோரிகள் பட்டறை வாசலை அடைத்து நின்றன. இரும்புக் குழாய்களோடு ஆட்கள் இறங்கினார்கள். தாஸை அவருடைய கொக்கிச் சங்கிலியாலேயே அடித்தார்கள். நிறுத்தச் சொல்லி அவர் கும்பிட்டார், யாரும் நிறுத்தவில்லை. பயத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தீவுக்காரர் நேராக வந்து என் வாயில் ஒரு குத்து விட்டார். முன்பல் இரண்டு போயிற்று.

"லோரி ஓட்டத் தெரியுமா?"

"லைசென்ஸ் இல்ல அண்ணே."

"அப்புறம் உன்னை வச்சி நான் என்ன செய்யிறது? ஓடிப் போ." அலமாரியை உடைத்து என் ஐசியைத் தரையில் வீசினார்.

என் பக்கத்தில் சேகர் நின்றான். என் வயதுதான். அது தன்னைக் காப்பாற்றும் என்று நினைத்து, "எனக்கு ஓட்டத் தெரியும் பாஸ்" என்று கை தூக்கினான். அவன் ஐசி தீவுக்காரரின் பைக்குள் போனது.

ரத்த வாயோடு பசாருக்கு நடந்தேன். அம்மா பதறினார். "அந்தத் தீவுக்காரன் நாசமாப் போவான்! உன் முதலாளி எங்கடா?"

உள்ளங்கையை விரித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் சொன்னேன். கல்லில் கிடந்த தோசையை அம்மா திருப்பவில்லை. அது கருகியது.

"அவனுக்குன்னு தனியா கெட்டிச் சட்னி எடுத்து வச்சேனேடா" என்றார். பிறகு கீழே உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ஒரு அக்கா, "இத்தனை உபவாசம் எடுத்தும் கர்த்தர் கேக்கலையே தம்பி" என்று வருத்தப்பட்டார்.

"நல்லவேளை அக்கா. கேட்டிருந்தா நான் இன்னும் கொக்கிதான் மாட்டிக்கிட்டு இருப்பேன்" என்றேன்.

இப்போது பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை. யாரும் என்னைச் சுடுவதில்லை. கர்த்தருக்கு நன்றி சொல்கிறேன், முன்பல்லில்லாத வாயால் சத்தமாகவே சொல்கிறேன். கேலி பேசும் குணத்தை மட்டும் அவர் இன்னும் என்னைவிட்டு எடுக்கவில்லை. ஆனால் தொழிற்சாலைப் பஸ் நெடுஞ்சாலையில் போகும்போது சில நாள் சேகரைப் பார்க்கிறேன். லோரிக்குள் விபத்துக்காகக் காத்திருப்பான். கை காட்டினால் திரும்பிப் பார்க்கமாட்டான்.

இதை வாசிக்கிறவர்களே, நீங்களும் எங்கேயாவது மாட்டியிருந்தால் கேளுங்கள். அவர் கேட்கிறவர். யாரை, எந்த வழியாக அனுப்ப வேண்டும் என்று மட்டும் அவருக்குப் பாடம் நடத்தாதீர்கள். அப்படியே சேகருக்காகவும் ஒரு வார்த்தை ஜெபியுங்கள். அவனுக்கும் ஒரு கோரேஸ் வரவேண்டும். வருகிறவன் நல்லவனாக இருக்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை.