சின்ன நைனா எதிரிச் சிப்பாய் ஆனது

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

போர்ப் படங்களில் எதிரி நாட்டுச் சிப்பாய்களைக் காட்டும் விதம் பற்றிப் பலரும் இன்று பேசுகிறார்கள். அப்படிப்பட்ட சிப்பாய் ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருந்தார் என்பதால் இதை எழுதத் துணிந்தேன். அப்போது எனக்கு எட்டு வயது.

பழவேற்காடு ஏரியை ஏதோ வடநாட்டு நதியாகக் காட்டுவதற்காகப் படக் கம்பெனியார் எங்கள் ஊரான தோணிரேவுக்கு வந்தார்கள். ஒன்றாயிருந்து இரண்டாகப் பிரிந்த தேசத்தின் சண்டைக் கதை. ஊர் ஆண்களையே வரிசையில் நிறுத்தி இரு படைகளாகப் பிரித்தார்கள். அப்பாவை நைனா என்பது எங்கள் வழக்கம்; மீசை மட்டும் வைத்திருந்த என் நைனா நம் நாட்டுச் சிப்பாய் ஆனார். அவருடைய தம்பியைச் சின்ன நைனா என்று அழைப்பேன். மனைவியின் பிரசவம் நல்லபடியாக முடியவேண்டுமென்று திருப்பதிக்கு நேர்ந்துகொண்டு அவர் தாடி வளர்த்திருந்தார். அந்தத் தாடியைக் கண்ட மாத்திரத்தில் அவரை எதிரி நாட்டில் சேர்த்துவிட்டார்கள்.

"ஒரே வயித்துல பொறந்தவங்க சார் நாங்க" என்று நைனா சொல்லிப் பார்த்தார்.

"அதெல்லாம் கேமராவுக்குத் தெரியாதுய்யா" என்றார் டைரக்டர்.

சுடப்பட்டதும் சின்ன நைனா தோணியிலிருந்து ஏரியில் விழவேண்டும். விழுந்தார். எங்கள் ஏரியில் ஒருவர் விழுந்தால் அருகில் இருப்பவர் யோசிப்பதில்லை. தோணி தள்ளும் கழியை உடனே நீட்டுவார். துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டு நைனா கழியை நீட்டினார். செத்தவர் அதைப் பிடித்துக்கொண்டு ஏறிவிட்டார்.

"இன்னாய்யா பண்ற? அவன் உன் எதிரிய்யா!"

"எதிரியா இருந்தா இன்னா சார்? தண்ணில உழுந்துட்டான்ல?"

மூன்று முறையும் இப்படியே நடந்தது. கரையில் நின்ற நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். நான்காம் முறை நைனாவைக் கரையில் உட்கார வைத்துவிட்டு எடுத்தார்கள்.

சில மாதங்கள் கழித்துப் படம் கொட்டகைக்கு வந்தது. ஊரே திரண்டு போயிற்று. தரை டிக்கெட்டில் சின்ன நைனாவை ஒட்டியே உட்கார்ந்திருந்தேன். திரையில் எதிரிச் சிப்பாய்கள் குடிசைகளைக் கொளுத்தினார்கள். கைக்குழந்தையைத் தூக்கி எறிந்துவிட்டுப் பல்லைக் காட்டிச் சிரித்தார்கள். எல்லா முகத்திலும் கரி, எவனுக்கும் பெயரில்லை. சின்ன நைனா வரும் இடத்துக்காகக் காத்திருந்தேன் என்பதே மறந்துபோயிற்று. "சுடு, சுடு" என்று கொட்டகையே கத்தியது. தோணியில் நின்ற ஒருவன் துப்பாக்கியை எறிந்துவிட்டு இரு கைகளையும் தூக்கினான். கதாநாயகன் சுட்டான். நான் எழுந்து நின்று உள்ளங்கை எரியக் கைதட்டினேன்.

தண்ணீரில் விழுந்த முகம் திரை முழுவதும் பெரிதாக வந்தது. சின்ன நைனா.

இம்முறை கழியை நீட்ட எவரும் இல்லை. நான் அலறிவிட்டேன். பக்கத்திலிருந்தவரின் தோளை, முகத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

"இன்னாம்மா, நல்லா செத்தேனா?" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "அழாத. நீ மட்டுமா தட்டுன? நானுந்தான் தட்டிட்டேன்."

வீடு சேரும்வரை அழுதேன். சுடப்பட்டவர் என் சின்ன நைனா என்பதற்காக மட்டுமே அழுதேன். கைகளைத் தூக்கி நின்றவன் முன்பின் அறியாத ஒருவனாக இருந்திருந்தால், நான் கைதட்டிய மகிழ்ச்சியோடு வீட்டுக்குப் போய் உறங்கியிருப்பேன் என்பது அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை.

என்றாவது இப்படிக் கைதட்டப் போகும் ஒருவர் கண்ணில் படட்டும் என்று, இந்தக் கடிதத்தைத் தூக்கி எறியாமல் பத்திரப்படுத்தி வைக்குமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.