மேல்மாடியில் முதல் வியாபாரம்

வவுனியாவுக்கு வெளியே திறந்திருக்கும் புதிய கடைத்தொகுதிக்கு இன்று போனேன்.

கீழ்த்தளத்தில் நல்ல சனம். மேல்மாடியில், படிக்கட்டுக்குப் பின்மூலையில், ஒரு பெண் தையல் சாமான் கடை வைத்திருக்கிறாள். அங்கே ஒருவரும் இல்லை.

வாசலில் நின்றே கேட்டேன்: "முதல் வியாபாரம் ஆச்சோ, பிள்ளை?"

"இல்லை அம்மா. வாங்கோ."

"நான் விதவை. ஆரும் வாங்கின பிறகு வாறன்."

"ஆர் அம்மா மேல ஏறுகினம்? கீழ வாடகை கூட எண்டு இங்க எடுத்தன். மூண்டு நாளா ஒரு ஆள் இல்லை. இந்த மாசமும் இப்பிடியெண்டால் பூட்டத்தான் வேணும். நீங்கள் வாங்கோ."

கணவர் காலமான பிறகு என்னை யாரும் முதல் ஆளாக அழைத்ததில்லை. உள்ளே போய் ஒரு டசன் சட்டைப் பொத்தான் வாங்கினேன்.

வீட்டில் சட்டை போட ஆளில்லை.

பொத்தான் வேண்டியவர்கள் என்னிடம் கேட்க வேண்டாம். படியேறிப் போய் வாங்கிவிட்டு, வாங்கியதாக இந்தப் பதிவின் கீழே எழுதுங்கள்.