ஒரு ரிங்கில் நிற்காத போன்

பெருங்களத்தூரில் குடியிருந்தபோது எங்கள் வீட்டு செல்போன்கள் பேசியதைவிட ஒலித்ததுதான் அதிகம். என் கணவர் திருமுடிவாக்கத்தில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்த்தார். வேலைக்குப் போய்ச் சேர்ந்ததும் ஒரு ரிங், சாயங்காலம் கிளம்பும்போது ஒரு ரிங். அடித்துவிட்டு உடனே கட் பண்ணிவிடுவார். எடுத்தால் காசு போய்விடும் என்று நானும் எடுக்க மாட்டேன். நான்கு வயது மகளுக்குக்கூட இந்தச் சட்டம் மனப்பாடம். சம்பளத்தைக் கொண்டுபோய் போன் கம்பெனிக்கு மொய் எழுத முடியுமா என்பது என் கட்சி. இதைக் கஞ்சத்தனம் என்பவர்களோடு இன்றைக்கும் சண்டைக்கு நிற்பேன்.

அந்த வருடம் மகளின் கழுத்தில் ஒரு கட்டி எழும்பியது. காய்ச்சல் விட்டும் கட்டி போகவில்லை. தாம்பரத்தில் ஒரு டாக்டர் ஊசி குத்தி அதிலிருந்து கொஞ்சம் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பினார். பயப்படாதீர்கள் என்று சொன்னவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். எனக்கு அது போதாதா?

ரிப்போர்ட் வரும் நாளில் கணவர் மட்டும் கிளம்பினார். ஷூ மாட்டிக்கொண்டே சொன்னார்.

"நல்லதா இருந்தா வழக்கம்போல ஒரு ரிங் குடுத்துட்டு கட் பண்ணிடறேன். வேற எதாவதுன்னா மட்டும் பேசறேன்."

"சரிங்க" என்றேன். நம் சட்டத்தை மனுஷர் மறக்கவில்லையே என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வேறு. புத்தி கெட்டவள்.

அவர் போனபின் குழந்தை என் மடியில் தூங்கிப்போனாள். கையில் போன். அதில் நடு பட்டனை அமுக்கினால் நெட் வரும், ஆனால் நெட் பேக் போடவில்லை. மாதா மாதம் அதற்கு வேறு யார் அழுவது? ரீசார்ஜ் கடை அண்ணா முன்பே எச்சரித்திருந்தார். "அக்கா, பேக்கு போடாம அந்த நடு பட்டனைத் தொட்டுடாத. இருக்கிற துட்டை எல்லாம் உறிஞ்சிக்கினு பூடும்." அதனால் அந்தப் பட்டனை நெருப்பு மாதிரி ஒதுக்கி வைத்திருந்தேன். அன்றைக்கு அமுக்கினேன்.

கழுத்துக் கட்டி என்று ஆங்கிலத்தில் தட்டினேன். பக்கம் ஒவ்வொரு வரியாக வந்தது. முதலிலேயே வந்தது அந்தப் பொல்லாத நோயின் பெயர். சில சமயம் இப்படி இருக்கலாம் என்று எழுதியிருந்தான். மற்ற சமயங்களில் என்ன என்று பார்க்கக் கீழே தள்ளினேன். பக்கம் அப்படியே நின்றது. பேலன்ஸ் தீர்ந்துவிட்டது என்று ஒரு மெசேஜ் வந்து விழுந்தது.

குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம். பாதிப் பக்கத்தைப் படித்துவிட்டு, அவரைக் கூப்பிட்டுக் கேட்கவும் வழியில்லாமல் உட்கார்ந்திருந்தேன். கடைக்கு இறங்கிப் போகலாம் என்றால் மடியில் குழந்தை. ஆண்டவரே, ஆண்டவரே என்றுதான் வந்ததே தவிர ஜெபமாக ஒன்றும் வரவில்லை.

போன் அடித்தது. அவர்தான். கட் ஆகட்டும் என்று மூச்சைப் பிடித்தேன். ஆகவில்லை. இரண்டாவது ரிங்கும் அடித்தது, மூன்றாவதும் அடித்தது. பேசத்தான் கூப்பிடுகிறார் என்று புரிந்தது. கை நீளவே இல்லை.

சத்தத்தில் குழந்தை கண் திறந்தாள். "எடுக்காதம்மா. அப்பாதான். காசு போயிடும்" என்றாள்.

முழுக்க அடித்து ஓய்ந்தது. அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் அவளை எத்தனை தடவை இழந்தேன் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. அவள் பாட்டுக்கு என் வளையலைச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

மறுபடி அடித்தது. எடுத்துவிட்டேன். பஸ் ஹாரன் சத்தத்துக்கு நடுவே அவர் குரல் உடைந்து கேட்டது.

"ஏம்மா எடுக்கல?"

"சொல்லுங்க."

"ஒண்ணும் இல்லம்மா. ஒண்ணுமே இல்ல. சும்மா நெறி கட்டியிருக்காம். மாத்திரையே போதும்னுட்டார்."

ஒரு நிமிஷம் அழுதேன். அடுத்து வந்தது கோபம்தான்.

"ஒரு ரிங் குடுத்து கட் பண்றேன்னுதானே சொன்னீங்க? இங்க எனக்கு உயிரே போயிடுச்சு!"

"கட் பண்ணத்தான் போனேன். மனசு வரலம்மா. இதைப் போய் எப்படி வாயால சொல்லாம இருக்கறது?"

நன்றாகத் திட்டினேன். திட்டத் திட்ட அவர் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. காலையிலிருந்து நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த கல் இறங்கிப் போயிருந்தது. பசிக்கிறது என்பதே அப்போதுதான் தெரிந்தது.

குழந்தை போனைப் பிடுங்கினாள். "அப்பா, வை! காசு போகுது!"

அவளிடமிருந்து திரும்ப வாங்கிக் காதில் வைத்தேன். சொல்வதற்கு இருவரிடமும் வேறு ஒன்றும் மிச்சமில்லை. அவர் பக்கம் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. அவர் வைக்கவில்லை. வைங்க என்று நானும் சொல்லவில்லை.