கோட்டக்கா வரைந்த பனி எல்லை

தான் செய்தது தவறு என்று தெரிந்த பிறகும் ஒருவரால் மனம் கோணாமல் வேலைக்குப் போக முடியுமா? கோட்டக்காவைப் பார்த்தால் அப்படித்தான் கேட்கத் தோன்றும்.

நிலவியல் அலுவலகத்து மாடியில், ஜன்னலோரம் அவள் மேசை. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்த நிலத்தை மூடியிருந்த பனிப்பாளம் எதுவரை வந்து நின்றது என்று வரைபடத்தில் கோடு போடுவது வேலை. பெயரும் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். பனி உருகிப் போய்விட்டது. அது தள்ளிக்கொண்டு வந்த கல்லும் களிமண்ணும் விளிம்பில் மேடு மேடாகக் கிடக்கின்றன. மேடுகளை இணைத்தால் எல்லை. நேரில் பார்த்த இடத்தில் முழுக்கோடு, ஊகித்த இடத்தில் விட்டுவிட்டுப் போடும் கோடு. நிதானமான கை; மேதை என்று யாரும் சொன்னதில்லை.

இருபது வருடங்களுக்கு முன் ஒரே ஓர் இடத்தில், விமானத்திலிருந்து எடுத்த படத்தை மட்டும் நம்பி, ஒரு புல்மேட்டின் மேல் முழுக்கோடு போட்டுவிட்டாள். அது அச்சாகிப் பள்ளிச் சுவர்களில் தொங்கியது.

அந்த வழியாகப் பேருந்து ஓட்டும் கணவர் ஒருநாள் சாப்பிடும்போது சொன்னார்: "ரோடு போட உன் மேட்டை வெட்டிட்டாங்க. உள்ள எல்லாம் ஒரே ரகக் கல்லு. முனையெல்லாம் கத்தி மாதிரி."

"களிமண்ணு?"

"மருந்துக்கும் இல்ல. பனி எல்லாத்தையும் கலந்தடிச்சு உருட்டிட்டு வரும்னு நீதானே வருஷக்கணக்கா என் காதைத் துளைக்கிற!"

மறுநாள் அவர் பேருந்திலேயே போய் இறங்கினாள். ஒரு கல்லைப் புரட்டினால், வெடி வைக்கத் துளைத்த தடம். பழைய குவாரியின் கழிவு, புல் முளைத்து மேடாக நின்றிருக்கிறது. வரைபடத்தின் புதுப் பதிப்பு அச்சுக்குப் போக ஒரு வாரம்தான். எல்லை இங்கே இல்லையென்றால் எங்கே?

மூன்று நாள் நடந்தாள். நான்கு கிலோமீட்டர் தள்ளி, ஒரு பட்டறைக்குப் பின்னால் தாழ்வான மேடு. தோண்டிப் பார்த்தாள். களிமண்ணுக்குள் பல நிறக் கற்கள், முனை மழுங்கி, சிலவற்றின் மேல் பனி உரசிய கீறல். பனி அவள் நினைத்ததைவிடத் தூரம் வந்திருக்கிறது. கைக்குட்டையை விரித்து அங்கேயே உட்கார்ந்து சிரித்தாள்.

அவளைவிட இளையவரான பிரிவுத் தலைவர் குரலைத் தாழ்த்தினார். "அக்கா, சத்தமில்லாம மாத்திடுங்க. பழசை எவன் எடுத்து வச்சுப் பார்க்கப் போறான்? ரிட்டயர் ஆகிற நேரத்துல ஏன் வம்பு?"

"யாரும் பார்க்க மாட்டாங்க சார். நிஜம்தான்."

புதுக் கோட்டை அழுத்தமாகப் போட்டாள். பிறகு பழைய கோட்டையும் மெல்லிய சாம்பல் நிறத்தில் வரைந்து, 'குவாரிக் கழிவு. பனி எல்லையெனத் தவறாக வரைந்தவர்' என்று எழுதி, இதுவரை எந்த வரைபடத்திலும் போடாத தன் பெயரை முழுதாகப் போட்டாள். தலைவர் காரணம் கேட்டார், கணவரும் கேட்டார். மறுநாள் காலை அவள் வழக்கம்போல ஜன்னலோர மேசைக்குப் போய் அடுத்த தாளை விரித்தாள்.