கவர் இல்லாத கிரைண்டர்

என் தம்பியின் இடது கையில் இரண்டு விரல்கள் இல்லை. ஆள்காட்டி விரலும் நடுவிரலும். அவை போனதற்கு யார் காரணம் என்று எங்கள் குடும்பத்தில் யாரைக் கேட்டாலும் அவன் மனைவியைத்தான் சொல்வார்கள். காரணம் நான். இதை எழுதிவிடுவது எவ்வளவு சுலபமாக இருக்கிறது! வாயால் சொல்லத்தான் எனக்கு வக்கில்லாமல் போயிற்று.

நான் தச்சன் இல்லை. பூச்சோங்கில் குடியிருக்கிறேன். ஏர்கோன் பழுது பார்ப்பது பிழைப்பு. கோவிட் சமயத்தில் வீட்டில் அடைந்து கிடந்தபோது யூடியூப் பார்த்து மரவேலையில் இறங்கினேன். ஒரு செருப்பு ரேக், ஒரு டிவி மேசை, ஒரு சாமி மேடை. சாமி மேடை இடப்பக்கம் சாய்ந்திருந்தது. தரை சரியில்லை என்று சொல்லிவிட்டேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்த ஜாதி நான். ஆனாலும் சொந்தக்காரர்கள் பாராட்டினார்கள். பாராட்டு என்னைக் கெடுத்தது.

என்னிடம் இருந்தது ஒரே மெஷின்தான். இரும்புக் குழாய் அறுக்கிற கை கிரைண்டர். மரம் அறுப்பதற்கென்று தனி மெஷின்கள் இருக்கின்றன என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. இருப்பதை வைத்துச் சமாளிப்பதுதான் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்தேன். பல் வைத்த மர பிளேடு ஒன்றை, அதுவும் மெஷினுக்கு உரிய அளவைவிட ஒரு சுற்று பெரியதாக வாங்கினேன். ஹார்ட்வேர் கடை சீனர் என் கையிலிருந்த மெஷினையும் பிளேடையும் மாறி மாறிப் பார்த்தார். "பாஸ், இனி பஹாயா லா. ஜாங்கான்" என்றார். இது ஆபத்து, வேண்டாம் என்று மலாயில் ஒரு வியாபாரி தன் வியாபாரத்தையே கெடுத்துக்கொண்டு சொல்கிறார். நான் சிரித்தேன். வீட்டுக்கு வந்து மாட்டிப் பார்த்தால் மெஷினின் இரும்புக் கவர் பிளேடை இடித்தது. கவரைக் கழற்றி எறிந்தேன். அதற்குப் பிறகு இரண்டு வருடம் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால் நான் செய்தது சரி என்று ஆகிவிட்டது.

தம்பி பண்டமாரானில் இருக்கிறான். அப்போது துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தான். கல்யாணமாகி எட்டு வருடம் குழந்தை இல்லை. பிறந்தால் பத்துமலைக்குக் காவடி எடுப்பதாக வேண்டிக்கொண்டான். பெண் குழந்தை பிறந்தது. வாடகைக் காவடி வேண்டாம், என் கையாலேயே செய்து எடுக்கிறேன் என்று பிடிவாதமாக நின்றான். மயில் தோகை விரித்த மாதிரி பெரிய பலகை வெட்ட வேண்டும். தைப்பூசத்துக்குச் சில வாரம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நான் என் கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு போனேன்.

வீட்டு முன்னால் கார் நிறுத்துகிற போர்ச்சில்தான் வேலை. காவடிப் பலகை இருக்கும் இடத்தில் செருப்பு போடக்கூடாது என்று வெறுங்காலோடு நின்றோம். விரதக்காரன் அவன். மஞ்சள் கயிறு கட்டி, ஒருவேளைச் சாப்பாட்டில் இருபது நாளுக்கு மேல் ஓட்டியிருந்தான். கையில் லேசான நடுக்கம்கூட இருந்தது. வேறு நாளாக இருந்தால் நானே கண்ணாடி, பூட்ஸ் என்று ஏதாவது போடச் சொல்லியிருப்பேனோ என்னவோ. அன்று எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நினைப்பு. முருகன் வேலை செய்கிறோம், முருகன் பார்த்துக்கொள்வார்.

இரண்டு பிளாஸ்டிக் முக்காலிகளின்மேல் பலகையை வைத்தோம். தம்பி மெஷினைத் திருப்பிப் பார்த்தான்.

"கவர் இல்லையாண்ணே?"

"அது இருந்தா இந்த பிளேடு போகாதுடா. பயமா இருந்தா சொல்லு, நானே வெட்டித் தரேன்."

பயமா இருந்தா சொல்லு. எட்டு வருடம் தவம் கிடந்து கையால் செய்கிறேன் என்று வேண்டிக்கொண்டவனிடம் கேட்கிற கேள்வியா அது? அவன் மெஷினைக் கையில் வாங்கிக்கொண்டான்.

நேர்க்கோட்டில் முதல் வெட்டை நான் செய்து காட்டினேன். பிறகு அவன் நன்றாகவே வெட்டினான். அவன் மனைவி இரண்டு கிளாஸ் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனாள். குடித்தோம். நான் பாத்ரூம் போக உள்ளே போனேன். அந்த நேரத்தில் அவன் வளைவுக்கு வந்துவிட்டான். வளைவில் அந்த பிளேடு திரும்பாது, பலகையில் இறுகிக்கொள்ளும், இறுகினால் மெஷின் பின்னால் எகிறும். இது எனக்குத் தெரியும். என் தொடையில் அதற்கு ஒரு தழும்பே இருக்கிறது. அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் என் கெட்டிக்காரத்தனம் குறைந்துவிடும் அல்லவா?

மெஷினின் சத்தம் ஒரு கணம் நின்று, பிறகு வேறு மாதிரி கேட்டது. ஓடி வந்தேன். மெஷின் தரையில் தானாகச் சுற்றிக்கொண்டிருந்தது. அதன் சுவிட்சைத் தள்ளிவிட்டால் கையை எடுத்தாலும் நிற்காது. தம்பி நின்றபடியே தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். கத்தவில்லை. "அண்ணே, பலகைல ரத்தம் பட்டுருச்சு" என்றான்.

பக்கத்து வீட்டு மலாய்க்கார அக்கா விரல்களை எடுத்து ஐஸில் வைத்துக் கொடுத்தார். மருத்துவமனையில் இளம் டாக்டர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். கத்தி பட்டிருந்தால் ஒட்ட வைக்க முயற்சி செய்திருக்கலாமாம். பிளேடின் பல் சதையையும் எலும்பையும் கிழித்துப் போட்டிருக்கிறது. "மெஷினுக்கு கவர் இல்லையா?" என்று அவர் கேட்டார். உடைந்துவிட்டது என்றேன். யோசிக்காமல் வந்தது அந்தப் பொய். எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

அம்பாங்கிலிருந்து அத்தை வந்தார். அப்பா அம்மா போன பிறகு எங்கள் குடும்பத்துக்கு அவர்தான் எல்லாம். "நல்லவேளை, தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சு" என்றார். இரண்டு விரல்கள் அவருக்குத் தலைப்பாகை. அதோடு விட்டாரா? "முருகன் சும்மா அடிக்க மாட்டாரு. விரதத்துல எங்கயோ குறை இருக்கு" என்று வார்டு வாசலில், வந்திருந்த உறவுக்காரர்கள் எல்லார் முன்னாலும் தம்பி மனைவியைப் பிடித்துக்கொண்டார்.

"நீ வீட்டுக்குத் தூரமா?"

அவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு தலையைக் குனிந்தாள்.

"எத்தனாவது நாளு?"

"ரெண்டு. நான் பின் ரூம்லதான் படுத்துருந்தேன்."

"போர்ச்சுக்குப் போனியா?"

"தண்ணி குடுத்தேன்."

"பாத்தீங்களா?" என்று அத்தை எல்லாரையும் பார்த்துத் திரும்பினார். கேஸ் முடிந்துவிட்டது.

அவள் என்னை ஒருமுறை பார்த்தாள். அந்தத் தண்ணீரை நானும் குடித்தேன், எனக்கு எல்லா விரலும் இருக்கிறது, கவரைக் கழற்றியவன் நான். மூன்று வாக்கியம். நான் கைபேசியை எடுத்துப் பார்க்கிற மாதிரி நகர்ந்து போனேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் மின்தூக்கிக்குப் பக்கத்தில் நின்று வாட்ஸ்அப் பார்த்துக்கொண்டிருந்தது.

தம்பியாவது சொல்லியிருக்கலாம். அவன் சொல்லவில்லை. மெஷினைக் குறை சொன்னால் அண்ணனைக் குறை சொன்ன மாதிரி ஆகும். மனைவியைக் குறை சொல்ல அவனுக்கு அப்படித் தடை எதுவும் இல்லை. கிரேன் வேலை போய், துறைமுக வாசலில் லோரி எண்களை எழுதுகிற வேலைக்கு மாற்றினார்கள். வீட்டில் அவளோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டான். அவள் சாமி அறைக்குள் போவதையே நிறுத்திவிட்டாள். விளக்குகூட அவன்தான் ஏற்றினான், மூன்று விரல் கையால் தீப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு. கொஞ்ச நாளில் அவளே நம்ப ஆரம்பித்துவிட்டாள் என்று நான் நினைத்தேன். அப்படி நினைத்துக்கொள்வது எனக்கு வசதியாக இருந்தது.

அந்த வருடம் காவடி நின்றுபோனது. அடுத்த தைப்பூசம் நெருங்கியபோது அத்தை பரிகாரம் சொன்னார். அவள் பத்துமலையில் மொட்டை அடித்து முருகனிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். அவள் சரி என்றாளாம். கேள்விப்பட்ட அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இடுப்புவரை முடி அவளுக்கு.

அந்த வாரம் தம்பி வீட்டில் அர்ச்சனைக்கு நாள் குறிக்க எல்லாரும் கூடியிருந்தோம். ஹாலில் அத்தை, தம்பி, இன்னும் நாலைந்து பேர். அவள் சமையலறையில் பாயாசம் கிண்டிக்கொண்டிருந்தாள். தண்ணீர் குடிக்கிற சாக்கில் உள்ளே போனேன்.

"மொட்டை எல்லாம் வேணாம்மா. தப்பு உன்னோடது இல்ல. கவரைக் கழட்டுனது நான். வளைவுல எகிறும்னு தெரியும், அவன்கிட்ட சொல்லல."

அவள் அடுப்பைச் சின்னதாக்கினாள்.

"தெரியும்ணே" என்றாள். "நான் தண்ணி கொண்டு வந்தப்ப மெஷினைப் பாத்தேன். என்னடா இது மொட்டையா சுத்துதுன்னு நெனச்சேன். சொன்னா ஆம்பளைங்க வேலைல தலையிடுறேன்னு சொல்வீங்க."

மன்னிச்சுக்கம்மா என்றேன்.

"அத்தை எல்லார் முன்னாலயும் வச்சு என்னைக் கேட்டாங்க" என்றாள். "நீங்க என்கிட்ட மட்டும் சொல்றீங்க."

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு சமையலறை வாசலில் போய் நின்றாள். ஹாலில் அத்தை சிரிக்கிற சத்தம் கேட்டது. அவள் எனக்காகக் காத்துக்கொண்டிருந்தாள். ஹாலுக்குப் பத்து அடிகூட இருக்காது.

"இன்னிக்கு வேணாம்மா. நல்ல காரியம் பேசுறாங்க" என்றேன்.

அவள் திரும்பி வந்து பாயாசத்தைக் கிண்ணங்களில் ஊற்றினாள். நான் ஹாலுக்குப் போனேன். அத்தை நகர்ந்து தன் பக்கத்தில் இடம் கொடுத்தார். உட்கார்ந்தேன்.

தைப்பூசத்தன்று அவள் மொட்டைக்கு உட்கார்ந்தபோது குழந்தையை என்னிடம்தான் கொடுத்தார்கள். எல்லாம் முடிந்து சந்தனம் பூசிய தலையோடு அவள் எழுந்து வந்து கை நீட்டினாள். குழந்தைக்கு அம்மாவை அடையாளம் தெரியவில்லை. வீறிட்டு அழுது, அவளைப் பார்க்கப் பயந்து, என் கழுத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டது.